வாசற்படிக்கு மேல் கை கொடுக்காதீர்

ஆர்ப்பரித்து ஓடும் அமூர் ஆற்றின் மேல், அதன் இரு கரைகளையும் இணைத்து எழுந்திருக்கும் இந்தப் பாலத்தின் நடுவே வீற்றிருக்கும் விழாத் தலைவர், என் பெருமதிப்பிற்குரிய லுவான் ஐயா அவர்களே! மார்பு நிறையப் பதக்கமும் முகம் நிறைய முறைப்புமாக முன் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் கர்னல் துரோவ் அவர்களே! வடகரை ரஷ்ய நகரின் தலைவரே, தென்கரைச் சீன நகரின் தலைவரே! ஆன்றோர்களே, பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, அக்கரைச் சொந்தங்களே, இக்கரைச் சொந்தங்களே! உங்கள் அனைவருக்கும், இரு நாட்டுப் பேச்சுகளுக்கு இடையில் நாக்கை வைத்தே நாற்பது ஆண்டுகள் பிழைத்த மொழிபெயர்ப்பாளர் ஃபைனாவின் பணிவான வணக்கம்.

சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். யாரங்கே கைதட்டுவது? முடித்த பிறகு தட்டுங்கள் ஐயா!

என் சிறு வயதில் இந்தக் கரைகளில் ஒலிபெருக்கிக் குழாய்கள் இருந்தன. ரஷ்யாவும் சீனாவும் அண்ணன் தம்பி என்று காலையில் ஒரு பாட்டு, மாலையில் ஒரு பாட்டு. பிறகு தலைநகரங்களில் என்ன நடந்ததோ, யார் மூக்கு எங்கே உடைந்ததோ, பாட்டுப் பாடிய அதே குழாய்கள் வசை பாடின! மாஸ்கோவைக் கேட்டால் பெய்ஜிங்தான் காரணம் என்றது. பெய்ஜிங்கைக் கேட்டால் மாஸ்கோதான் காரணம் என்றது. எங்களை யார் கேட்டார்கள்? துணி அலசப் பெண்கள் ஆற்றில் இறங்கினால் அக்கரையில் துப்பாக்கி நிமிர்ந்தது. அப்படி இருபது ஆண்டுகள் போயின.

அந்தக் காலத்தில் ஒரு வசந்தம். ஆற்றில் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்து, வளைவில் மலைபோல் குவிந்து அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த வெள்ளம் போக வழியின்றி இரண்டு ஊர்க் கீழ்த்தெருக்களிலும் புகுந்தது. நடு ஆற்றில் வெடி வைத்தால் பனி உடையும். ஆனால் யார் வைப்பது? அந்த வெடி பனிக்கு வைத்ததா, தமக்கு வைத்ததா என்று எதிர்க்கரைப் பீரங்கிக்கு எப்படித் தெரியும்? இரு தரப்பும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு திரி கூடக் கொளுத்த முடியாது. என் மகள் அப்போது கீழ்த்தெருவில், பக்கத்து வீட்டாரிடம் இருந்தாள். எனக்கு உயிரே இல்லை.

பேச்சுவார்த்தைக்குத் தென்கரை மரவீடு ஒன்றைக் குறித்தார்கள். கர்னலும் நானும் போனோம். வாசலில் குறுக்கே, முழங்கால் உயரத்துக்கு ஒரு வாசற்படிக் கட்டை. அதற்கு உள்ளே நின்று, ஆற்று அதிகாரி லுவான் ஐயா சிரித்தபடி கையை நீட்டினார். நம் கர்னல் என்ன செய்தார்? இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்!

லுவான் ஐயாவின் முகம் சிவந்தது. "நான் என்ன காத்துக்கா கை நீட்டினேன்?"

"கோவிச்சுக்காதீங்க ஐயா! வாசப்படிக்கு மேல கை குடுத்தா சண்டை வரும்னு எங்க ஊர்ல ஒரு நம்பிக்கை" என்று நான் சமாளித்தேன்.

"சண்டை இனிமேதான் வரணுமா? இருபது வருஷமா நடக்குறதுக்குப் பேர் என்னவாம்? சரி, உள்ள வரச் சொல்லு. டீ ஆறுது."

கர்னல் அசையவில்லை. "நான் உள்ள போனா, நாமதான் கெஞ்சிக்கிட்டுப் போனோம்னு மாஸ்கோவுல பேசுவாங்க. அவரை வெளிய வரச் சொல்லும்மா."

"நான் வெளிய வந்தா, ரஷ்யாக்காரனை வரவேற்க ஓடிப்போனேன்னு பெய்ஜிங்ல என் தலை உருளும்!"

கேட்டீர்களா? இதுதான் அவையோரே, வல்லரசுகளின் வெளியுறவுக் கொள்கை! வானத்தை அளந்த வல்லமை, வையத்தை நடுங்க வைக்கும் வலிமை, ஒரு வாசற்படியைத் தாண்ட முடியவில்லை!

எனக்குப் பொறுக்கவில்லை. யாருடைய பேச்சையும் மொழிபெயர்க்காமல் நானே பேசியது அன்று ஒரு நாள்தான். இரண்டு மொழியிலும் கத்தினேன்: "உங்க ரெண்டு வல்லரசும் நாசமாப் போக! அங்க என் பொண்ணு தண்ணிக்குள்ள இருக்கா. நீங்க இங்க கௌரவம் பாத்துட்டு நிக்கிறீங்களே, மனுஷங்களாய்யா நீங்க?"

லுவான் ஐயா மெதுவாகக் கேட்டார், "பொண்ணுக்கு என்ன வயசு?"

"நாலு."

"என் வீடும் கீழ்த்தெருவுலதான்" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "டேய், அந்தக் கடப்பாரையை எடு!" என்று சத்தம் போட்டார்.

வாசற்படிக் கட்டைக்கு அடியில் கடப்பாரையைச் செருகி நெம்பத் தொடங்கினார். கட்டை நகரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கர்னலுக்குக் கை அரித்துவிட்டது. "யோவ், அப்படி நெம்பினா ஆயுசுக்கும் வராது. இந்த முனையை நான் புடிக்கிறேன்!" என்று குனிந்தார். கட்டை பெயர்ந்தது. படி இல்லாத வாசலில், நின்ற இடத்தில் நின்றபடியே, சேறும் சிராய்ப்புமாய் இரண்டு கைகள் இணைந்தன. அன்று மாலையே வெடி வைத்தார்கள். பனி உடைந்தது, வெள்ளம் வடிந்தது, எந்தக் கரையிலும் ஒரு துப்பாக்கி கூட நிமிரவில்லை. அந்த நாலு வயதுக்காரிதான் அதோ, மூன்றாம் வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கிறாள். கையை ஆட்டுடி!

இன்று தலைநகரங்கள் மறுபடி தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கின்றன. மகிழ்ச்சி! ஆனால் நாளை முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டா என்று யார் சொல்ல முடியும்? தலைநகரங்கள் திரும்பலாம். பாலம் திரும்புமா? பாலத்தில் நடந்து பழகிய கால்கள் திரும்புமா? சண்டை வந்தால் முதலில் நனைவது நம் கீழ்த்தெரு. ஆகவே சமாதானத்தையும் முதலில் தொடங்க வேண்டியவர்கள் நாம்தான்!

ஆனால் எனக்கு ஒரு வருத்தம். நிகழ்ச்சி நிரலில் என்ன போட்டிருக்கிறார்கள்? பாலத்தின் நடுவில் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நகரத் தலைவர், அந்தப் பக்கம் ஒரு நகரத் தலைவர், கோட்டுக்கு மேலே கைகுலுக்கல், புகைப்படம்! ஐயா, இதுவும் வாசற்படிதானே? இதைக் கடப்பாரையால் நெம்ப முடியாதே! யாராவது ஒருவர் தாண்டுங்கள். யார் முதலில்?

பார்த்தீர்களா, இருவரும் தத்தம் அதிகாரிகளின் முகத்தைப் பார்க்கிறார்கள். அதிகாரிகள் தொலைபேசியைப் பார்க்கிறார்கள்.

கர்னல்! எங்கே எழுந்துவிட்டீர்கள்? மெதுவாக, மெதுவாக. யாராவது அந்தத் தடியை எடுத்துக் கொடுங்கள். என்ன சொல்கிறீர்கள்? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம், நான் சொல்கிறேன். "அன்னைக்கே உள்ள கூப்பிட்டாரு, நான்தான் போகல. டீ இந்நேரம் ஐஸாப் போயிருக்கும். பரவால்ல, இப்பப் போய்க் குடிக்கிறேன்" என்கிறார்!

கோட்டைத் தாண்டிவிட்டார். அம்மா, தாய்மார்களே, அவர் கோட்டைத் தாண்டிவிட்டார்! லுவான் ஐயாவுக்கு அவர் சொன்னதை மொழிபெயர்க்கட்டுமா? வேண்டாம் போலிருக்கிறது. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து எதிரே நடக்கிறார்.

இத்தனை நேரம் குளிர்காற்றில் நின்று கேட்ட உங்களுக்கு என் நன்றி. அக்கரைக்கும் இக்கரைக்கும் என் வணக்கம். ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள். அந்த இரண்டு கிழவர்களும் இனி என் உதவி இல்லாமல் பேசிக்கொள்ளட்டும்.