வெள்ளைப் பருத்திக்குள் வெந்த நெருப்பு

நான் அன்றே சொன்னேன்! பருத்தி அம்பாரத்துக்கு அடிவரிசை போட்ட அன்றே சொன்னேன். நாரை ஒன்று அதன் உச்சியில் இறங்கப் பார்த்துக் கால் சுட்டுக் கத்திக்கொண்டு பறந்ததே, அன்றும் சொன்னேன். "இது எரியும்" என்றேன். எரிந்தது! இருந்தாலும் என் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டுவதற்காகக் கூடிய கூட்டமல்ல இது. ஆகவே முதலில் மரியாதை.

நடுநாற்காலியில் நடுநிலை தவறாமல் அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் ஆய்ஷகர் அக்கா அவர்களே! தாடி வெளுத்தும் தைரியம் வெளுக்காத பெரியோர்களே! விரல் கீறி, முதுகு குனிந்து, இந்த வயல்களை வெறுமையாக்கிய தாய்மார்களே! மேடையோரத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும் பருத்திக் கிடங்குத் தலைவர் நார்முரத் அவர்களே! நவம்பர் குளிரில் இவ்வளவு வியர்வையா? கோக்தெரக் ஊர் மெங்லிபாயின் தலைதாழ்ந்த சலாம்!

எதற்காகக் கூடியிருக்கிறோம்? கிடங்குக் காவல்காரர் துர்திகுல் சிகரெட் துண்டை எறிந்தார், அம்பாரம் எரிந்தது என்று நாம் எல்லோரும் கை தூக்க வேண்டுமாம். கை தூக்கினால் நாளை அவரை மாவட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். பிறகு எத்தனை பருத்திப் பருவம் கழித்து வீடு திரும்புவாரோ, யார் கண்டது! அதோ, கதவோரம் நிற்கிறாளே அவர் மனைவி சனம், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கை தூக்குங்கள், பார்ப்போம்!

துர்திகுல் ஏன் வாய் திறக்கவில்லை என்கிறீர்களா? எப்படித் திறப்பார்? நாக்கின் அடியில் ஒரு பிடி நாஸ் புகையிலை! முப்பது வருடமாக அங்கேயே குடியிருக்கிறது. பற்ற வைக்காமல் அடக்கி வைக்கும் புகையிலை அது, ஐயா! தீக்குச்சி கிழிக்காத மனிதன் எப்படித் தீ வைப்பான்?

என்னம்மா சனம், சத்தமாகச் சொல்! "அடுப்பு மூட்டக்கூட இந்த மனுசன் எந்திரிக்க மாட்டாரு, எல்லாம் நான்தான்!" கேட்டீர்களா? மனைவி இப்படிக் குற்றம் சாட்டுவதைவிடப் பெரிய நற்சான்று உண்டா?

அப்படியானால் தீ எங்கிருந்து வந்தது? நான் ஏழாம் வகுப்பு வரை போனவன். சரி சரி, சிரிக்காதீர்கள், ஏழாம் வகுப்பின் வாசல் வரை. அந்த வாசலில் நின்று கேட்டதே எனக்குப் போதும்.

பனியோடு பறித்த பருத்தி சும்மா கிடக்குமா? கிடக்காது! அது மூச்சு விடும், வியர்க்கும், தனக்குத்தானே சுடும். ஒரு பிடி சுட்டால் காற்று ஆற்றிவிடும். ஒரு மலை சுட்டால்? திருமண வீட்டை நினைத்துப் பாருங்கள். புலாவ் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் எழுகிறார்கள். வாசலோரத்தில் இருப்பவன் ஒரே எட்டில் வெளியே. நடுக்கூடத்தில் இருப்பவன்? முன்வரிசை நகர்ந்தால்தான் அவன் நகர முடியும். ஒவ்வொரு வரிசையும் தன் ஆட்களோடு, பின்னால் இருக்கும் அத்தனை வரிசை ஆட்களையும் வெளியே விட வேண்டும். சூடும் அப்படித்தான்! அடுக்கு அடுக்காகத்தான் வெளியேறும். உண்டாகிற சூடும் வெளியேறுகிற சூடும் சமமாக இருக்கும்வரை அம்பாரம் அமைதியாக இருக்கும். ஆனால் அப்போதும் நடுவயிறுதான் அதிகமாகக் கொதிக்கும்!

இப்போது கூடத்தை இரண்டு மடங்கு அகலமாக்குங்கள். கூட்டமும் இரண்டு மடங்கு, கடக்க வேண்டிய வழியும் இரண்டு மடங்கு. நடுவில் நெரிசல்? இரண்டு மடங்கா? இல்லை, நான்கு மடங்கு! இதனால்தானே நம் ஊரில் அம்பாரம் போட்டதும் அதன் வயிற்றில் குறுக்கே சுரங்கம் வெட்டுகிறோம்? அது பருத்திக்கு நடுவில் திறந்த வாசல்! வாசல் இருந்தால் நெரிசல் கால் பங்காகக் குறையும்.

எரிந்த அம்பாரத்தில் சுரங்கம் இருந்ததா?

இல்லை! நடந்ததைச் சொல்கிறேன். தீப்பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு அம்பாரத்தின் தலையில் ஆவி எழுந்தது. அதைப் பார்த்து ஓடியவர் யார்? இதே துர்திகுல்! வாயிலிருந்த நாஸைக்கூடத் துப்பிவிட்டு ஓடினார் என்றால் அவசரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். "தலைவரே, அம்பாரம் பெருமூச்சு விடுது, ஆள அனுப்புங்க" என்றார். நார்முரத் என்ன சொன்னார் தெரியுமா? "அது பனிடா, பயந்தாங்கொள்ளி! மேல இன்னொரு தார்ப்பாயப் போடு!" காய்ச்சலில் கொதிக்கிறவனுக்கு சாப்பான் என்கிற பஞ்சு அங்கி இன்னொன்றைப் போர்த்துகிற வைத்தியரை நான் இன்றுதான் பார்க்கிறேன்!

தீயன்று நீங்கள் எல்லோரும் வாளியோடு நின்றீர்களே! தார்ப்பாயை இழுத்தபோது மேலே என்ன நிறம்? வெள்ளை! மணப்பெண்ணின் முக்காடு போல வெள்ளை! கவைக்கோலால் கிளறியபோது? ஒரு முழம் வரை வெள்ளை, அதற்குள் பழுப்பு, அதற்கும் உள்ளே கரி, நடுவில் கங்கு! சிகரெட் வெளியிலிருந்து அல்லவா எரிக்கும்? வெளியே வெள்ளையாகவும் உள்ளே கரியாகவும் எரிக்கிற சிகரெட்டை எந்தக் கடையில் விற்கிறார்கள், நார்முரத் அவர்களே?

இன்னும் கேளுங்கள். நேற்று மாலை இரண்டாவது அம்பாரத்தின் நடுவில் நான் இரும்புக் கம்பி ஒன்றைச் செருகினேன். உருவினேன். கையுறை கருகியது! ஒரு கெண்டி தேநீர் காய்ச்சிக் குடித்துவிட்டு, மிச்சச் சூட்டில் ரொட்டியும் வாட்டினேன்! இன்றிரவு அதுவும் எரியும். துர்திகுல் நான்கு நாளாகக் கிடங்குப் பக்கமே இல்லை. இந்த முறை யாருடைய சிகரெட் என்பீர்கள்?

என்ன, எழுந்துவிட்டீர்களா? சத்தமாக, நார்முரத் அவர்களே! பின்வரிசைக்கும் கேட்கட்டும்!

"பொய்! பச்சைப் பொய்! ரெண்டாவதுக்கு முந்தாநாளே சுரங்கம் வெட்டியாச்சு! உள்ள நடந்து பாருங்க, ஜில்லுன்னு இருக்கு!"

அப்படியா? ஜில்லென்று இருக்கிறதா? ஆய்ஷகர் அக்கா, கேட்டீர்களா? வெட்டினால் ஜில்லென்று இருக்கும் என்று தெரிந்த மனிதர், முதல் அம்பாரத்துக்கு ஏன் வெட்டவில்லை? வெட்டுகிற ஆட்கள் அந்த வாரம் எங்கே போனார்கள்? யாரப்பா அது பின்னால்? "நாங்கதாண்ணே! மாவட்டப் பெரியவர் வர்றார்னு சாலை நெடுக மரத்துக்கெல்லாம் வெள்ளையடிச்சோம்!"

கேளுங்கள் தாய்மார்களே! சாலை மரங்களின் இடுப்புக்கு வெள்ளை அடித்தார்கள், நீங்கள் பறித்த வெள்ளை கரியாயிற்று! வந்தவர் வண்டியின் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை! சுரங்கம் வெட்டாதவர் மேடையில், ஓடி வந்து சொன்னவர் கூண்டிலா? ஒரு மனிதரின் அலட்சியத்தை மறைக்க இன்னொரு மனிதரைப் போர்வையாக்குவதா? போர்த்தப் போர்த்த உள்ளே கொதிப்பது பருத்தி மட்டுந்தானா? இந்த ஊரும்தான்!

இப்போது கேளுங்கள் அக்கா, துர்திகுல் குற்றவாளி என்று கை தூக்குகிறவர் யார்?

ஒரு கை. அதுவும் காது சொறிகிற கை. நன்றி, தாத்தா, இறக்கிவிடுங்கள்.

துர்திகுல், நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா? துப்பிவிட்டு வாருங்கள், அவசரமில்லை.

"நாஸ் தீந்துபோச்சு மெங்லிபாய். வீட்டுக்குப் போலாமா?"

போகலாம், ஐயா! சனம், கூட்டிக்கொண்டு போம்மா.

பொறுமையாகத் தலைமை தாங்கிய அக்காவுக்கும், சிரித்தும் சினந்தும் கேட்ட உங்களுக்கும், உண்மையை உரக்கச் சொல்லி உதவிய நார்முரத் அவர்களுக்கும் என் நன்றி. விடைபெறுமுன் ஒன்று. அந்த இரும்புக் கம்பி... கிடங்கு நேற்று முழுவதும் பூட்டிக் கிடந்தது, உள்ளே புது நாய் வேறு. நான் எப்படிப் போவேன்? என்னிடமிருந்த ஒரே கம்பியைப் போன வசந்தத்திலேயே திராட்சைப் பந்தலுக்கு நட்டுவிட்டேன். அது மட்டும் நார்முரத் வாயைத் திறக்க நானாகச் சொன்னது. நாரை நிஜம்.

எல்லோர் வீட்டு அடுப்பும் எரியட்டும், அடுப்பு மட்டும் எரியட்டும்! சலாம்!