பஸ்ஸின் பாரத்தைக் குறைத்தவன்

இருக்கையிலிருந்து உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் பஸ்ஸின் பாரம் குறையும் என்று நான் நம்பியது உண்மை. யுத்த காலம். புத்தளத்திலிருந்து சிலாபம் போகும் பஸ்ஸில், விமானத்தளப் பட்டறைக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் இருந்து கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“உங்கட பஸ் அச்சுக்குக் கரண்ட் குடுத்துக் காந்தமாக்கி, இரும்புத்தூள் தூவினன் நாநா. தூளெல்லாம் ஒரே கோட்டில போய் ஒட்டிட்டு.”

“ஒட்டினா?”

“அந்த இடத்தில வெடிப்பு. கண்ணுக்குத் தெரியாது. எப்ப முறியுமெண்டு அல்லாவுக்குத்தான் தெரியும்.”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடின.”

“மௌத்தாகிறவனும் முந்தின நாள் நல்லாத்தான் நடப்பான்.”

“சிலாபத்தில முதலாளி இதை நம்புவாரா?”

“நீங்களே காட்டுங்க.”

இருவரும் சிரித்தார்கள். நான் இருக்கைக்கு அடியில் கிடந்த சாக்குப் பொதியில் காலை ஊன்றி, வழிநெடுக உடம்பைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தேன். பத்துளுஓயாப் பாலத்தில் மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.

சிலாபத்தில் கண்டக்டர் குனிந்தார். “காலை எடுங்க ஐயா.”

சாக்கை இழுத்து அவிழ்த்து முதலாளியிடம் காட்டினார். வெடித்த அச்சு அதற்குள் இருந்தது. பஸ்ஸுக்கு முந்தின நாளே புது அச்சு போட்டிருந்தார்கள்.