அப்பத்துல போன பல்லு

— கதவை எதுக்கு அடைக்கணும் ஷீஜா டாக்டரே? தொறந்தே கிடக்கட்டு. வெளிய இருக்கப்பட்டவங்களும் கேக்கட்டு. நீங்க எனக்க மகளுக்கு வச்ச முன்பல்லு இண்ணைக்குக் காலையில அப்பம் கடிச்சதுல போச்சு. அப்பமாக்கும். எலும்பு இல்ல, சீடை இல்ல. பஞ்சு மாதிரி இருக்கப்பட்ட அப்பம்.

— செலஸ்டின் அண்ணே, நான் பல்லு டாக்டர், கேட்டோ. காது டாக்டர் இல்ல. பையப் பேசினாலும் எனக்குக் கேக்கும். டெல்னா, நீ இந்தச் சேர்ல சாஞ்சு இரு மோளே. பையை அந்த மேசையில வை. ஷாலை வாயில இருந்து எடு.

— பையை அவ வைக்கமாட்டா. வீட்டுல இருந்தே கெட்டிப் பிடிச்சோண்டு வாறா. அவ வாயை எதுக்குப் பாக்கணும்? பல்லு இஞ்ச உண்டு. இந்தா, தீப்பெட்டிக்குள்ள. உங்களுக்க கைவேலையை நீங்களே பாருங்க.

— அப்பம் கடிச்சப்ப போச்சுன்னு நீங்க கண்ணால கண்டீங்களா?

— நான் வள்ளம் செய்யப்பட்ட ஷெட்டுல நிக்கேன். இண்ணைக்கு எழும்பினதுல இருந்து எல்லாம் கோணலு. பெட்டியில பிளையரைக் காணல்ல. அதைத் தேடிட்டு நிக்கும்போ இவ வாயைப் பொத்திட்டு வந்து முன்னால நிக்கா. அப்பம் தின்னேன், போச்சுண்ணு சொன்னா. அம்மைக்காரி அழுதுட்டு இருக்கா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு பள்ளியில இவளுக்க கல்யாண நிச்சயம், மனஸ்சம்மதமாக்கும் டாக்டரே. பையனும் பெண்ணும் ஃபாதருக்க முன்னால நிண்ணு, சம்மதம்ண்ணு வாயைத் தொறந்து சொல்லணும். இந்த வாயை வச்சிட்டு எப்பிடித் தொறப்பா?

— மாப்பிள்ளை வீட்டுல சொல்லியாச்சா?

— சொல்லவா? நல்ல கேள்வி. விஜினுக்க அம்மை வயலட் முதல்ல வந்தப்ப என்ன சொன்னாண்ணு தெரியுமா? பெண்ணு நல்லா இருக்கா, ஆனா முன்பல்லு ஓட்டையா இருந்தா போட்டோவுல எப்பிடி நிக்கும், பல்லை வச்சிட்டு நாளு குறிக்கலாம்ண்ணு சொன்னா. அதுக்காக்கும் ரெண்டு பஸ் மாறி காஞ்சிரங்குளத்துல இருந்து இந்தப் பாறசாலைக்கு உங்களைத் தேடி வந்தது. பல்லு இருந்தா கல்யாணம். பல்லு இல்லைண்ணா ஒண்ணும் இல்ல.

— நான் வச்ச பல்லு அப்பத்துல போகாது.

— எனக்கிட்டயா சொல்லுதிய? ஃபைபர் தெரிஞ்சவனாக்கும் நான். இருபத்தாறு வருஷமா வள்ளத்துக்க ஓட்டை அடைக்கேன். வேரு சிகிச்சை செய்த டாக்டரு நெய்யாற்றின்கரையில, பல்லு பாதிக்கு மேல போயாச்சு, உள்ள இரும்புக் கம்பி நாட்டலாம்ண்ணு சொன்னாரு. வேண்டாம் சாரே, இரும்பு துருவேறும், ஃபைபர் வைக்கப்பட்ட ஆளு எங்க உண்டுண்ணு கேட்டு வந்தவன் நான். நீங்களும் சொன்னிய. கண்ணாடி நாருல செய்த சின்னக் கம்பி, வேருக்குள்ள ரெசின் விட்டு ஒட்டுவோம், அதுக்க மேல பல்லைக் கெட்டி எழுப்பித் தொப்பி மாட்டுவோம்ண்ணு. எனக்கு சிரிப்பு வந்துச்சு. நான் வள்ளத்துல செய்யதை நீங்க வாயில செய்யிதிய, அவ்வளவுதானே.

— ஓ, அன்னைக்கு நீங்க எனக்கு ஒரு மணிக்கூர் கிளாஸ் எடுத்தது நான் மறக்கல்ல.

— மறக்கல்லைண்ணா பின்ன ஏன் ஈரத்துல ஒட்டினிய? ஈரம் பட்டா ரெசின் பிடிக்காதுண்ணு கடப்புறத்துல பால்குடி பிள்ளைக்கும் தெரியும். மழை தூறினா நான் ஹார்டனர் டப்பாவைத் தொறக்கவே மாட்டேன். வாய் எப்பவும் துப்பலு ஊறிட்டுக் கிடக்கப்பட்ட இடம். நீங்க காய வைக்காம அமுக்கி வச்சு, அந்த நீல லைட்டை அடிச்சு, செரி போங்கண்ணு அனுப்பிட்டிய. நீங்க அம்பூரியில ரப்பர் வெட்டப்பட்ட குடும்பம்தானே. ஒட்டுப்பாலு தெரியும். ரெசின் தெரியுமா?

— குடும்பத்தை இழுக்கண்டா. அந்த ரப்பரைத்தான் உங்க மகளுக்க பல்லைச் சுத்தி விரிச்சுக் கட்டினேன். ஒரு ஷீட்டு, நடுவுல ஒரு ஓட்டை, அது வழியா அந்த ஒரு பல்லு மட்டும் வெளிய நிக்கும். நாக்கும் துப்பலும் எல்லாம் அதுக்கு அடியில. முழுசா ஒரு மணிக்கூர். ஒரு சொட்டு ஈரம் ஏறல்ல. பாவம், அவளால ஒரு வார்த்தை பேச முடியல்ல. அவளுக்கும் சேத்து நீங்கதான் பேசிட்டு நின்னீங்க. இன்னைக்கும் நீங்கதான் பேசுறீங்க.

— பேசுவேன். பேசுகது மட்டும் இல்ல, எங்க பள்ளி இடவகைக்க வாட்சாப் குரூப்பில ஆயிரத்து நூறு பேரு உண்டு. பாறசாலையில இந்த ஆஸ்பத்திரிக்குப் போகாதேங்கண்ணு நான் ஒரு ஆடியோ இட்டா போதும்.

— இடுங்க. அதுக்கு முன்னால ஒரு நிமிஷம். டெல்னா, ஆ காட்டு. இன்னும். ம். வேரு அசையாம நிக்குது. மிச்சம் முப்பத்தொண்ணு பல்லும் சுத்தம், ஒரு கேடு இல்ல. மேலுதட்டுக்க உள்பக்கம் ஒரு கீறல் உண்டே. புதுசு. இது எப்படி வந்துச்சு மோளே?

— அது அப்பத்துல கடிச்சப்ப இருக்கும்.

— நான் அவகிட்ட கேட்டேன்.

— அவ சொல்லமாட்டா. நாணக்காரி. நான் சொன்னா அவ சொன்ன மாதிரியாக்கும்.

— அது ஷரி. அப்படின்னா நீங்களே சொல்லுங்க. இந்த லென்சைப் பிடிங்க. தொப்பிக்க அடியில குச்சி மாதிரி நீட்டிட்டு நிக்குதே, அது நான் வச்ச ஃபைபர் கம்பியில ஒரு துண்டு. இருபத்தாறு வருஷம் ஃபைபர் கண்டவரு நீங்க. ஈரத்துல ஒட்டி விட்டுப் போன ஒட்டு எப்படி இருக்கும்?

— வழுவழுண்ணு இருக்கும். வெள்ளையாப் பூத்துக் கிடக்கும். கம்பு உறையில இருந்து உருவுன மாதிரி முழுசாக் கழண்டு வரும்.

— இது அப்படியா இருக்கு?

— நாரு பிய்ஞ்சு நிக்குது.

— சத்தமாச் சொல்லுங்க. வெளிய ஆளு கேக்கணும்னு சொன்னீங்களே.

— நாரு பிய்ஞ்சு நிக்குதுண்ணு சொன்னேன். ஒட்டு விடல்ல. கம்பி நடுவுல முறிஞ்சிருக்கு. அதுக்கு என்னா இப்ப?

— மிச்சக் கம்பி இப்பவும் வேருக்குள்ள உறுதியா நிக்குது. இரும்பா இருந்தா அது முறியாது, வேரைப் பிளந்திருக்கும். ஃபைபர் தான் முறிஞ்சு வேரைக் காப்பாத்திச்சு. நீங்க கேட்டு வச்ச ஃபைபர், மோசம் பண்ணல்ல. ஆனா இதை முறிக்க அப்பத்துக்கு அவ்வளவு பெலம் கிடையாது அண்ணே. யாரோ பெலம் காட்டியிருக்காங்க.

— யாரு? நில்லுங்க. நேத்து வெயிலு சாஞ்ச வைகுந்நேரம் விஜின் வந்தான். ஷெட்டுக்க பின்னால நிண்ணு ரெண்டு பேரும் பேசினினும். பொறவு இவ கண்ணைத் துடைச்சிட்டு வீட்டுக்குள்ள ஏறிப் போனா. மக்கா, அவன் கை நீட்டினானா? சொல்லு மக்கா. எலே விஜினே, கப்பல்ல ஜோலி உண்டுண்ணா எனக்க பிள்ளைக்க முகத்துல கை வைக்கலாம்ண்ணு எவனுலே உனக்குச் சொல்லித் தந்தது? நான் இப்பவே அவனுக்க வீட்டு முற்றத்துல போய் நிக்கேன். அந்தக் கை நாளைக்கு மோதிரம் இடாது.

— உக்காருங்க. அவ தலையை ஆட்டுறா, பாருங்க. இல்லைங்குறா.

— பயந்துட்டு ஆட்டுதா.

— விஜின் அங்க என்ன பேசினான்? உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். கல்யாணம் முடிஞ்சா ஷெட்டுல நிக்கப்பிடாது, ரெசினுக்க நாத்தம் எங்க வீட்டுல ஏறப்பிடாதுண்ணு சொன்னானாம். அதுல என்ன தப்பு? இவளுக்க பல்லு முதல்ல போனதே எனக்க ஷெட்டுல வள்ளம் திருப்பும்போ கம்பு தெறிச்சாக்கும். என்னைவிட சுத்தமா ஃபைபர் மேட் விரிப்பா, நான் இல்லைண்ணு சொல்லல்ல. வள்ளக்காரனுவ வந்தா டெல்னா செய்யட்டும்ண்ணுதான் கேப்பினும். அதுக்காக பெண்ணை வள்ளத்துக்குக் கெட்டிக் குடுக்க முடியுமா?

— அவ உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல்லையா?

— சொன்னா. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ண்ணு ராத்திரி வந்து சொன்னா. போன மாசமும் சொன்னா. ஓணத்துக்கும் சொன்னா. எல்லாப் பெண்ணும் சொல்லப்பட்டதாக்கும். அவளுக்க அம்மையும் சொன்னவதான். பொறவு எல்லாம் செரியாவும்.

— மூணு தடவை. செரி, திரும்ப லென்சைப் பிடிங்க. பிய்ஞ்ச நாரு எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?

— ஒரே பக்கமா. சுத்திக்கிட்டு. கயறு பிரிச்ச மாதிரி. டாக்டரே, இது அடி இல்ல. அடி விழுந்தா நாரு நேர முறியும். இது பிடிச்சு முறுக்கினதாக்கும்.

— கைவிரலால முடியுமா?

— முடியாது. வழுக்கும். அதுக்கு என்னவாவது... நீங்க என்ன சொல்ல வாறிய?

— நான் ஒண்ணும் சொல்லல்ல. ஃபைபர் தெரிஞ்சவரு நீங்க. தொப்பியைத் திருப்புங்க. அந்த வெள்ளையில இரும்பு உரசினா பென்சில் கோடு மாதிரி சாம்பலாப் பதியும். முன்னால உண்டா?

— உண்டு. வரிவரியா உண்டு.

— பின்னால?

— பின்னாலயும் உண்டு. பிளையருக்க வாய் மாதிரி.

— எண்ணுங்க.

— முன்னால ஆறு வரி. நெருக்க நெருக்கமா. பின்னால ஒண்ணு, ரெண்டு. பொறவு ஒரு வரி இல்ல. பொறவு மூணு வரி உண்டு. அந்த மூணாவது மட்டும் இல்ல. டாக்டரே, எனக்க பிளையருக்கு ஒரு தாடையில மூணாவது பல்லு கிடையாது. எஞ்சினுக்க போல்ட்டைத் திருகும்போ தெறிச்சுப் போச்சு. நான் காலையில தேடின பிளையரு.

— கதவு தொறந்தேதான் கிடக்கு. வெளிய ஆறு பேரு இருக்காங்க. இன்னும் சத்தமாச் சொல்லணுமா?

— கதவை அடையுங்க.

— அடைச்சாச்சு. சொல்லுங்க.

— சொல்ல என்ன உண்டு? நாளைக்கு பத்து மணி. முந்நூறு பேருக்கு சொல்லியாச்சு. வயலட்டுக்கு வாக்கு குடுத்தவன் நான். வேற ஒண்ணு வையுங்க. இண்ணைக்கே வையுங்க.

— இவ்வளவு கண்டதுக்குப் பிறகுமா?

— கண்டதுக்குப் பொறவுதான். பிள்ளைக்கு ஒரு கிறுக்கு. கல்யாணம் முடிஞ்சா மாறும். உங்களால முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க.

— முடியும். உள்ள இருக்கிற துண்டை எடுத்துட்டு புதுக் கம்பி ஒட்டி, தற்காலத்துக்கு ஒரு தொப்பி போட்டா வைகுந்நேரத்துக்குள்ள அனுப்பலாம். ஆனா இந்தப் பேப்பருல கையொப்பு வேணும். சம்மதபத்ரம். போன தடவை இதுல ஒப்பு போட்டது யாருன்னு பாருங்க. செலஸ்டின். நாற்காலியில கிடந்தது டெல்னா. இருபத்துநாலு வயசு. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம உங்க ஒப்பை வாங்கி நான் வேலையைத் தொடங்கினேன். அது எனக்க தப்பு. அந்தத் தப்புக்கு என்னை நீங்க வாட்சாப்புல இடுங்க, நான் சம்மதிக்கிறேன். ஈரத்துக்கு இல்ல.

— நான் அப்பனாக்கும். கொண்டாங்க அந்தக் கடலாசை. நான் இடுகேன் ஒப்பு.

— நாளைக்கு பள்ளியிலயும் ஃபாதர் கேக்கும்போ நீங்கதான் சம்மதம்னு சொல்லப் போறீங்களா?

— டாக்டரே, பல்லுக்க காரியத்தை மட்டும் பேசுங்க.

— பல்லுக்க காரியம்தான் பேசுறேன். டெல்னா, அப்பாவைப் பாக்காத, என்னைப் பாரு. பேனா இந்தா. பையைக் கீழ வச்சிட்டு நீ சொல்லு மோளே. வைக்கட்டா, வேண்டாமா?

— வையுங்க டாக்டரே. அப்பா என்னைப் பள்ளிக்குக் கொண்டு போகட்டு. பையை மட்டும் நான் கீழ வைக்கமாட்டேன், அதுக்குள்ள பிளையர் உண்டு. வாயில மிச்சம் முப்பத்தொண்ணு பல்லும் உண்டு.