குளக்கரை வீட்டுக்கு என்ன வயசு

...அதத்தான் தம்பி நானும் கேக்குறேன், திண்டுக்கல்லுல நங்கூரம் எதுக்கு? வரும்போது பாத்தீகள்ல, முக்குல, அந்தக் காப்பிக்கட வாசல்ல? கப்பல்ல கட்டுற நங்கூரம்! லாரியில கொண்டாந்து எறக்குனானுக. கடலு எங்க கெடக்கு, நாம எங்க கெடக்கோம்! இந்தக் கொளத்துல மழ பேஞ்சா முழங்காலு நனையும், அம்புட்டுத்தான். இதுக்குப் பேரு ஹார்பராம். தெரு முக்குல ‘ஹெரிட்டேஜ் ஹார்பர்’னு போர்டு வேற. பக்கத்து வீட்டு டெய்சி சும்மா இருப்பாளா, ஆட்டக் கொண்டு போயி நங்கூரத்துல கட்டிட்டா. வேற எதுக்குத்தான் ஆகும் அது? காப்பிக்கடக்காரனுக ஓடி வந்துட்டானுக, ஆட்டால அழகு கெடுதாம்...

உக்காருங்க, உக்காருங்க. டீயக் குடிங்க. எங்க அவுக புரோக்கர் அருள்நாதனக் கூட்டியாரப் போயிருக்காக. செத்த நேரத்துல வந்துருவாக. போகையில என்ன சொன்னாக தெரியுமா? ‘கமரு, வீடு பாக்க வாரவருக்கு டீயக் குடு, வாயத் தெறக்காத’ன்னாக. நான் எங்க தெறந்தேன்? எனக்கு இந்த வீட்ட விக்க இஷ்டமில்ல, அது வேற வெசயம். கன்னிவாடிப் பக்கம் நாலாவது மாடியில ஃப்ளாட்டு பாத்து வச்சிருக்காக. லிஃப்டு இருக்காம். நாலாவது மாடியில ஒக்காந்து நான் யாருகூடப் பேச? காக்காகிட்டயா?

இருந்தாலும் வாங்கப்போற புள்ள, நீங்க தெரிஞ்சுக்கணும்ல. எதுத்தாப்ல தெரியுதே ஓட்டுக் கட்டடம், அது பழைய தோல்ஷாப்பு. ஆட்டுத்தோலு பதம்போட்ட எடம். மூடிட்டாங்க, ஆனா ஈரம் பட்டா இன்னமும் ஒரு வாட கெளம்பும் பாருங்க... அல்லா! சோத்துல கை வைக்க ஏலாது. முந்தாநாளு பேஞ்ச மழைக்கு இப்பக்கூட... என்ன தம்பி, இப்பிடி இழுத்து இழுத்து மோந்து பாக்குறீக? நல்லாருக்கா! இதுவா!

சரி, வௌவாலு? சாயங்காலமானா அந்த ஷாப்புல இருக்குற வௌவாலு அம்புட்டும் நம்ம மாடிக்குத்தான் வரும். துணி காயப்போட முடியாது. ...இப்ப எங்க இருக்கும்? பகல்ல வராதுப்பா. வராத வௌவாலுக்கு எதுக்கு வெறும் மாடியப் படம் புடிக்கிறீக?

குளிக்கிற ரூமையும் சொல்லிர்றேன். கதவுக்குத் தாப்பா கெடையாது. உள்ள போறவுக எதாச்சும் பாடிக்கிட்டே இருக்கணும், அப்பத்தான் ஆளு இருக்குன்னு தெரியும். எங்க அவுக கொரலுக்குத் தெருவே... என்னது? ‘மாத்தாதீங்க, அப்படியே இருக்கட்டும்’ங்கறீகளா? ஏ அப்பு, இதென்னடா வம்பாப் போச்சு!

செவத்தத் தடவாதீக, கையில ஒட்டும். எப்பேர்ப்பட்ட இடிஞ்ச அழகா? இருநூறு வருசத்துச் செவரா? யாரு சொன்னது... எங்க அவுகளா?

இங்க பாருங்க தம்பி. வாட அடிக்குதுன்னு சொல்லுங்க, பொறுத்துக்கிறேன். என் வீட்டப் போயி இடிஞ்ச வீடுன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். எது இடிஞ்சது? பெருநாளைக்குப் பெருநா கிளிப்பச்சப் பெயிண்டு அடிச்சு, கண்ணாடியாட்டம் வச்சிருந்த செவரு இது! இந்தப் பெருநாளைக்கு வந்து பாத்திருக்கணும் நீங்க. எல்லா ஊருலயும் வெள்ளையடிக்கிறாக, எங்க தெருவுல வீட்டுக்கு வீடு கொத்துக்கரண்டிய வச்சுச் சொரண்டிக்கிட்டு நிக்கிறாக! பழசா இருந்தாத்தான் வெல போகுதாம். எங்க அவுக சொரண்டுனது பத்தாதுன்னு, டீத்தூளக் கொதிக்க வச்சு ஊத்துனாக. கையில ஒட்டுதுல்ல, மோந்து பாருங்க. இஞ்சி வாடகூட வரும்.

அந்தத் தூணா? தட்டுங்க. நல்லாத் தட்டுங்க! மரமா அது? மாடியிலருந்து தண்ணி எறங்குற பைப்பு. காவிப் பெயிண்டு அடிச்சிருக்காக.

வீட்டுக்கு என்ன வயசுன்னு என்னையக் கேளுங்க. என் மக ஆரிபாவ வவுத்துல வச்சுக்கிட்டு, இந்தக் கொளத்துத் தண்ணியக் கொடம் கொடமாத் தூக்கியாந்து, காயாத செவத்துக்கு ஊத்துனவ நான். வேலையாளு ஊத்துனா ஒழுங்கா நனையாதுன்னு நானே ஊத்துனேன். ஒரு விரிசல் காட்டுங்க பாப்போம்! அவளுக்கும் வீட்டுக்கும் ஒரே வயசு. அவளுக்கு இப்பத்தான் மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம். வீட்டுக்கு இருநூறு வருசம்னா எம்புள்ளைக்கும் இருநூறா? மாப்ள வீட்டுக்காரவுக காதுல விழுந்தா என்னத்துக்கு ஆகும்? சம்பந்தம் பேச வருவாகளா, சமாதியப் பாக்க வருவாகளா?

இத விட்டுட்டு நாலாவது மாடிக்குப் போன்னா எப்பிடித் தம்பி போவேன்? நீங்களே சொல்லுங்க. இந்தச் செவத்துல என் இடுப்பு வலி இருக்கு...

தம்பி?

தம்பி... செருப்பக் காணோமே. டீயக்கூடக் குடிக்கல. கெளம்புறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகலாம்ல. என்ன புள்ளைகளோ, மனுசர் பேசிக்கிட்டு இருக்கையில...

அந்தா, வாராக. அருள்நாதண்ணன் கையில பிரியாணிப் பொட்டலம் வேற. வாங்கண்ணே, வாங்க. ஏங்க, அவரு போயிட்டாருங்க. எனக்கென்ன தெரியும்? நான் வாயே தெறக்கல, டீயக் குடுத்தேன், அம்புட்டுத்தான். மொறைக்காதீக. அண்ணே, நீங்க பொட்டலத்த இங்கிட்டுக் குடுத்துட்டு உக்காருங்க.

ஏங்க, நீங்க செருப்பக் கழட்டாதீக. அப்படியே கடைக்குப் போயி, கிளிப்பச்சப் பெயிண்டு ஒரு டப்பா வாங்கியாந்துருங்க.