தோள் கொடுக்க வரும் ரயில்

பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயலுக்குத் திரும்பும் சாயங்கால ரயில், பங்காருபேட்டை தாண்டியதும் சிக்னலுக்காக நின்றுவிட்டது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வாசலோரம் நின்றிருந்த ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் சாதாரணமாகச் சொன்னார்:

"இந்த ரயில் வராம எங்க மைன்ஸ் குவார்ட்டர்ஸ் லைன் வீட்ல பொணத்த எடுக்க மாட்டாங்க."

கைப்பையோடு நின்ற மற்றவர் திகைத்துப்போனார். "இன்னா சார் சொல்றீங்க?"

"தூக்கறவங்க எல்லாரும் இந்த ரயில்லதான இருக்கோம்! பகல்ல ஊர்ல இருக்கறது மைன்ஸ் பென்ஷன்காரங்கதான். இன்னிக்கு குழிய அவங்க காலையிலயே வெட்டியிருப்பாங்க. அதுக்கு யாரும் சொல்லித்தர வேணாம்."

"செத்தது உங்க சொந்தமா?"

"இல்ல. கன்னட டீச்சரோட வீட்டுக்காரர். குடிவந்து ஆறு மாசம்தான் ஆவுது. எங்க லைன்ல சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க பதினாலு வீடு, இந்துங்க பதினொன்னு, தெலுங்கு மூணு. கன்னடம் அவங்க ஒரு வீடுதான். காலைல போன்ல ஒரே அழுகை. எங்கள யாரு வந்து தூக்குவாங்கன்னு கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சாயங்கால ரயில் வரும் டீச்சர்னேன்."

"இப்ப லேட்டாயிடுச்சே. காத்திருப்பாங்களா?"

அதற்குள் அடையாள அட்டைக்காரரின் போன் அடித்தது. கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசி வைத்தார். ரயிலும் நகரத் தொடங்கியது.

"டீச்சர்தான். யாரு வருவாங்கன்னு இப்ப கேக்கல. ரயில் எங்க வருதுன்னுதான் கேக்கறாங்க."