கழுகுமுடிக்கு ஒரு பேரு

— அண்ணே, மொதல்ல அதத் தலையில இருந்து கழட்டுங்க. அது குல்லா இல்ல, அட்டை ஏறாம இருக்கப் போடுற உறை. காலுக்கு, கேட்டோ!

— அட சாமி! காலுக்குங்களா? நானும் என்னடா இது, குல்லாயில மூஞ்சிக்கு ஓட்டையே வெக்காம தெச்சிருக்கறான்னு பாத்தனுங்க. ஜோமோள் அம்மிணி, இந்த வீடியோ உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்?

— எனக்கு மட்டுந்தான். ஆனா ஒண்ணு புரியலண்ணே. முந்தாநாளு நம்ம மலையேறுற க்ரூப்புல அட்டையப் பத்தி அவ்வளவு எழுதினது பொங்கியண்ணன்தான? "அட்டை கடிச்சாப் பிச்சு எறியாதீங்க, உப்ப வைங்க. உப்பு இல்லேன்னா குடிச்சுட்டுப் போகட்டும். நம்ம சொந்தக்காரங்க குடிக்காததையா அது குடிச்சுறப் போகுது"ன்னு? இங்க வட்டவடையே சிரிச்சுது.

— நானுங்களா? ஆமாமா, நாந்தானுங்க. எழுதறப்பக் கொட்டுதுங்க அம்மிணி. பேசறப்பத்தான் தொண்டையிலயே நின்னுக்குது.

— சரி, போன நிமித்தி வைங்க. உங்க வீட்டு ஓடு மட்டுந்தான் தெரியுது. நான் பூண்டு வயல் வரப்புல ஒத்தக் கால்ல நிக்கேன், இங்க மட்டுந்தான் ரேஞ்சு கிடைக்கும். மத்தவங்க சாமானெல்லாம் பாத்தாச்சு, நீங்கதான் பாக்கி. சாயந்தரத்துக்குள்ள வனம்வகுப்புக்கு, அதான் பாரஸ்ட் ஆபீசுக்கு, பேரு குடுக்கணும். ஞாயித்துக்கிழமை நீங்க கழுகுமுடி ஏறணும்னா ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி, மாட்டியும் காட்டணும்.

— என்ற பேரு போயே ஆகோணுமுங்க! மாங்கா மண்டி வாசல்ல நம்ம பசங்க ப்ளெக்ஸே கட்டிப் போட்டானுங்க. "சிகரம் தொடப் போகும் பொங்கியண்ணன்". ஆள் ஒசரத்துக்குக் கூலிங்கிளாஸ் போட்டு நிக்கறனுங்க. பின்னால பூராம் பனிமலை.

— கழுகுமுடியில எங்கண்ணே பனிமலை இருக்கு?

— அத எங்க முதலமடையில ஆரு போய்ப் பாத்தாங்க? லோடு ஏத்த வர்ற லாரிக்காரனெல்லாம் கும்புட்டுட்டுப் போறான். ஞாயித்துக்கிழமை நான் ஊட்டுல கெடந்தேன்னா, திங்கக்கிழமை மண்டிப் பக்கம் தலை காட்ட முடியாதுங்க.

— ரெண்டு தடவ வாரேன்னுட்டு வரலியே நீங்க. ஒரு தடவ மாம்பூ பூத்துருச்சுன்னீங்க, அடுத்த தடவ சொந்தத்துல கல்யாணம்னீங்க. இந்தத் தடவையும் வரலேன்னா க்ரூப்ப விட்டே எடுத்துருவேன், கேட்டோ. எனக்கும் மனசில்லதான். க்ரூப்புல கலகலப்புன்னா நீங்கதான். அன்னைக்கு ரிஜின் புது ஜாக்கெட் போட்டோவ முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு போட்டுக்கிட்டே இருந்தான்ல, அதுக்கு என்ன எழுதினீங்க?

— என்ன எழுதினனுங்க?

— "தம்பி, மழைக்குக் கம்பெனி பேரு படிக்கத் தெரியாது"ன்னு.

— அட, நல்லாருக்குதே!

— நீங்க எழுதினதுதாண்ணே.

— அதான்... நல்லா எழுதியிருக்கறனேன்னு சொன்னனுங்க.

— பையத் தொறங்க. என்னென்ன வச்சிருக்கீங்க?

— மடக்கற நாற்காலி ஒண்ணு. பிளாஸ்க்கு. சின்னக் குக்கர். அப்பறம் க்ரூப்புல எல்லாரும் திங்கறதுக்கு ஒரு பொட்டி செந்தூரம். நல்லாப் பழுத்தது, இங்க ஊடே மணக்குதுங்க.

— ஏசப்பா! மாம்பழத்தத் தூக்கிட்டுக் காட்டுக்குள்ள வந்தா, அந்த வாசத்துக்கு யானை நம்ம க்ரூப்புல சேர லிங்க் கேக்கும். எல்லாத்தையும் வெளிய எடுத்து வைங்க. ஹெட்லைட் எங்க?

— அது தோப்புல பன்னி வெரட்டப் போயிருக்குதுங்க. வந்துரும்.

— விசில்?

— அதும் பன்னிக்குத்தானுங்க.

— நல்லது. பன்னி பத்திரமா மலை ஏறிரும். சரி, யானை எதுக்க வந்துருச்சுன்னு வைங்க. என்ன செய்வீங்க?

— ஓடுவனுங்க.

— ஏங்க, ஓடக் கூடாதுங்க. சத்தம் போடாம, வந்த வழியிலயே மெல்லப் பின்னால நகரோணும்.

— ஏ புள்ள, நீ சித்த சும்மா இரு. அம்மிணி, அது என்ற ஊட்டுக்காரி, செல்வப்பிரியா. சமையக்கட்டுல இருந்து சவுண்டு உடறா.

— அக்கா சொன்னதுதாண்ணே சரி. கயித்த எடுங்க. எட்டு எழுதின மாதிரி வருமே, அந்த எட்டு முடிச்சு போட்டுக் காட்டுங்க. பாறையில நம்ம உசுரே அதுலதான் தொங்கும்.

— இதா, போட்டாச்சு பாருங்க!

— இது மாங்கா மூட்டை கட்டுற முடிச்சு.

— அவுறவே அவுறாதுங்க! டெல்லி வரைக்கும் போகுது.

— டெல்லி போறது மாங்காண்ணே. விழுந்து நசுங்கினா சாறு புழிஞ்சுக்கலாம். உங்கள வச்சு என்ன செய்ய?

— சித்த இருங்க அம்மிணி, போனு சாஞ்சு போச்சு... ம், இந்தப் பக்கமா வா... இதா! இப்பப் பாருங்க, எட்டு!

— அம்மாடி! ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, வாலு சரியா விட்டு... ரிஜினுக்கே இப்பிடி வராது. அழகா இருக்குண்ணே!

— எல்லாம் கைப்பழக்கந்தானுங்க.

— அது சரி, உங்க கையில வளையல் எப்ப வந்துச்சு?

— அது... அது வந்துங்க...

— ஏங்க, நான் கைய எடுத்துக்கட்டுங்களா? உங்க கக்கத்துக்கு அடியில இப்பிடியே நீட்டிட்டு நிக்க முடியலீங்க.

— போச்சு. எல்லாம் போச்சு.

— சிரிச்சுச் சிரிச்சு நான் வரப்புல இருந்து விழுந்துருவேன் போல. சரிண்ணே, முடிச்ச ஏறுற இடத்துல நானே போட்டுத் தாரேன். ஆனா மாட்டுறது நீங்கதான் மாட்டணும். அந்த இடுப்புப் பட்டைய எடுங்க. ரெண்டு காலையும் வளையத்துக்குள்ள விட்டு மேல இழுங்க.

— இழுக்கறனுங்க... தொடையோட நின்னு போச்சுங்க.

— லூசாக்கிட்டு இழுங்க.

— இதுக்கு மேல லூசாக்க அதுல ஒண்ணுமில்லீங்க. அம்மிணி, அம்மிணி, சித்த அக்கட்டால திரும்பிக்குங்க, வேட்டி...

— பாக்கல, பாக்கல! நான் பூண்டத்தான் பாத்துட்டு இருக்கேன்! மூடியாச்சா? பட்டை கிடக்கட்டும், ஷூவப் போடுங்க.

— குதிகாலு வெளியவே நிக்குதுங்க. ஆன்லைன்காரன் நல்லா ஏமாத்திப் போட்டானுங்க!

— பட்டையும் சின்னது, ஷூவும் சின்னதா? ஆர்டர் போட்டது யாரு?

— பிரியாதானுங்க. எனக்கு அந்த ஆப்பு எழவெல்லாம் ஆகாது. காலையில க்ரூப்புக்கு ரோசாப்பூ போட்டு குட்மார்னிங் சொல்றதோட சரி. மண்டிக்குக் கூட அந்த போன எடுத்துட்டுப் போறதில்ல, சும்மா ஊட்டுலதான் கெடக்கும்.

— அப்ப மத்தியானம் க்ரூப்புல எழுதுறது...

— என்னதுங்க?

— ஒண்ணுமில்ல. ஷூவக் கவுத்து அடிப்பக்கத்தக் காட்டுங்க. இன்னும் கிட்டக்க. அண்ணே, இது புதுசு இல்ல. விரல் பக்கம் நல்லாப் பாறையில தேஞ்சிருக்கு. செம்மண்ணு வேற ஒட்டியிருக்கு.

— பாத்தீங்களா! எவனோ போட்டு ஏறினத எனக்குத் தள்ளி உட்டிருக்கறான்!

— திருப்பி அனுப்பிருங்க. ஆனா வேற அளவு ஞாயித்துக்கிழமைக்குள்ள வராது. பட்டை இல்லாம, ஷூ இல்லாம நான் பேரு குடுக்க மாட்டேண்ணே. கஷ்டமாத்தான் இருக்கு. மன்னிச்சுருங்க.

— அம்மிணி! அப்பிடிச் சொல்லாதீங்க! நான் ரப்பர் செருப்புலயே ஏறறனுங்க!

— ஏங்க, எதுக்கு இப்ப அதத் திருப்பி அனுப்பறது? அளவெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க.

— எனக்குத் தொடையத் தாண்டலேங்கறேன், அளவு சரியாமா!

— உங்களுக்கு வாங்கினதுன்னு ஆருங்க சொன்னது?

— ஏ புள்ள...

— அக்கா, நீங்க போனுக்கு முன்னால வாங்க. ரிஜின் ஜாக்கெட்டுக்கு அப்பிடி எழுதினது யாரு?

— நாந்தான் கண்ணு. அந்தத் தம்பி கோவிச்சுக்கலியே?

— அட்டைக்கு எழுதினது?

— அதும் நாந்தான். சொந்தக்காரங்கன்னு எழுதினது இவரு தம்பிய நெனச்சு.

— பாறையில யாரு ஏறினது?

— தோப்புக்குப் பின்னால பாறைக் கரடு இருக்குது கண்ணு. இவரு மண்டிக்குப் போன பொறவு ஏறுவன். ஒத்தையில ஏறக் கூடாதுன்னு நீ க்ரூப்புல போட்டியே, அதனால மாங்கா பறிக்கற சாந்தம்மாளக் கூட்டிட்டுப் போயி, நீ அனுப்பின வீடியோவக் காட்டிக் காட்டிக் கயிறு பிடிக்கப் பழக்கிட்டன். இப்ப அவளும் க்ரூப்புல சேரோணுங்கறா.

— இத்தனயும் எனக்குத் தெரியாமயா? என்ற போன்ல, என்ற பேர்லயே? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன புள்ள?

— கேட்டனுங்க. கல்யாணமான புதுசுல, பொழக்கடையில நின்னு நெல்லியாம்பதி மலையக் காட்டி, அங்க ஏறிப் பாக்கோணும்னு கேட்டன். மாங்கா சீசன் முடியட்டும்னீங்க. உங்களுக்கு எந்த வருசமுங்க சீசன் முடிஞ்சுது? நானும் பாத்திரம் விளக்கறப்பெல்லாம் அந்த மலையப் பாத்துட்டே விளக்கிட்டிருந்தன். சர்க்கரைக்கு நடக்கற க்ரூப்புன்னு நெனச்சு நீங்க இந்த லிங்க்கைத் தொட்டீங்க பாருங்க, அன்னைக்குத்தான் மலை நம்ம ஊட்டுக்குள்ள வந்துச்சு.

— அண்ணே, இங்க பனிமஞ்சு ஏறுது. இன்னும் கொஞ்ச நேரத்துல ரேஞ்சு போயிரும். இருக்கிறது ஒரு இடம். நீங்களே சொல்லுங்க, யாரு பேரக் குடுக்கட்டும்?

— அம்மிணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுங்களா? ஆருகிட்டயும் சொல்லீராதீங்க. லாரியில லோடு மேல ஏறி நின்னாலே எனக்குக் கண்ணு இருட்டிக்கும். மாம்பூவும் இல்ல, கல்யாணமும் இல்ல. பயமுங்க.

— எனக்குத் தெரியாதுங்களா? அதுக்குத்தான் சின்னதாவே வாங்கினன்.

— அட சாமி. அப்ப எழுதிக்குங்க அம்மிணி. செல்வப்பிரியா. நான் வட்டவடை வரைக்கும் ஜீப்புல வந்து, உங்க ஊட்டுல கட்டஞ்சாயா குடிச்சுட்டு உக்காந்திருக்கறன்.

— எழுதிட்டேண்ணே. அக்கா, ஞாயித்துக்கிழமை பாப்போம். அண்ணே, மாம்பழத்த எங்க வீட்டுக்குக் கொண்டாந்துருங்க, கேட்டோ!

— கொண்டாறனுங்க. ஆனா ஏ புள்ள, அந்த ப்ளெக்ஸ என்ன பண்றது? கிழிச்சாலும் சிரிப்பானுங்க, கிழிக்காட்டியும் சிரிப்பானுங்க.

— கிழிக்க வேண்டாமுங்க. உங்க பேருக்கு முன்னால என்ற பேர ஒட்டினாப் போதும். "சிகரம் தொடப் போகும் செல்வப்பிரியா பொங்கியண்ணன்". ஒட்டற துண்டு போன வாரமே அடிச்சு வந்துருச்சு. பீரோவுல உங்க வேட்டிக்கு அடியில இருக்குது, எடுத்துக்குங்க.