கதவுக்கு விட்ட இடம்

அந்தக் கதைய நானே முழுசா நம்புறதில்லம்மா. முப்பத்தோரு வருஷமா சந்தேகப்பட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஆனா நீங்க கேட்டது நியாயமான கேள்வி. பலகை மாட்ட வந்தவன் எதுக்கு மொதல்ல கதவ அளக்குறான்னு யாருக்கும் தோணும். சொல்றேன். டேப்போட அந்த முனைய மட்டும் கொஞ்சம் புடிச்சுக்குங்க. ஆங், அந்த மூலைல. அவ்வளவுதான், விட்ருங்க.

பத்துக்கு எட்டு. பரவால்ல, இதவிடச் சின்னதெல்லாம் பாத்திருக்கேன். தங்கச்சி அடுத்த வாரம் வர்றாங்கன்னு சொன்னீங்கல்ல, வரட்டும். ரெண்டு பேர் இருக்கலாம். உங்க கையில இருக்குறதுக்குள்ள முடிச்சுரலாம். பழக்கடைல மரப்பெட்டி கேட்டா சும்மாவே தருவாங்க. நாலு வாங்கி வைங்க, தேய்ச்சு ஒண்ணு மேல ஒண்ணா நிறுத்தித் தர்றேன், துணிக்கு அது போதும். கதவுக்குப் பின்னாடி வரிசையா கொக்கி. கதவுக்கு மேல ஒரு பலகை, வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்குற சாமானெல்லாம் அங்க போயிரும். வாளிய தரைல வைக்காதீங்க, ஒரு அடி எடத்த முழுங்கும். தொங்க விட்ருவோம்.

ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஓனர் சொன்னாரா? எல்லா ஓனரும் சொல்றதுதான். நான் அடிக்குற எடம் அவர் கண்ணுல படாது. காலி பண்றப்போ வெள்ள சிமெண்ட அப்பி விட்டா போச்சு.

ஆனா அந்த மடக்குக் கட்டில் வேணாம். வாங்கியாச்சா? திருப்பிக் குடுங்க. எடுத்துக்க மாட்டேன்னு சொன்னா எங்கிட்ட சொல்லுங்க, நான் போய் பேசுறேன்.

விலை கம்மின்னு எனக்கும் தெரியும்மா. பகல்ல மடிச்சுச் சாத்திட்டா எடம் மிச்சம்னும் தெரியும். விரிச்சா என்ன ஆகும்னு பாருங்க. ஜன்னல் பக்கம் அடுப்பு வந்துருச்சு. இந்தச் செவுத்துக்கு மேல தண்ணித் தொட்டி, தொட்டுப் பாருங்க, ஈரம். இதுல முதுக வெச்சுப் படுத்தா ஒரே மாசத்துல ஆஸ்பத்திரிதான். மிச்சம் இருக்குறது கதவுப் பக்கம். அங்க விரிச்சா, உள்பக்கமா தெறக்குற கதவு, ரெண்டு வெரலுக்கு மேல தெறக்காது. காலைல நீங்க வேலைக்குக் கெளம்பணும்னா தூங்குறவங்கள எழுப்பி, கட்டில மடிச்சுட்டுதான் வெளிய கால் வைக்கணும்.

எங்க அண்ணன் இருந்த ரூமும் இப்படித்தான். அதான் கதவ அளக்குறேன்.

அவன்கூட இன்னொருத்தர் இருந்தாரு. ஐஸ் கம்பெனில வேலை, அதனால ஐஸண்ணன்னுதான் எல்லாரும் கூப்பிடுறது. வெயில் கொளுத்துனாலும் ஸ்வெட்டரக் கழட்ட மாட்டாரு. இவர வெளிய நிக்க வெச்சா உருகிருவாருன்னு எங்க அண்ணன் ஓட்டுவானாம். அவருக்கு நைட் ஷிப்ட், அண்ணனுக்குப் பகல்ல துணிக் குடோன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மடக்குக் கட்டில். இவன் எந்திரிக்க அவர் படுக்க, கட்டில் சூடு ஆறவே ஆறாதுன்னு சொல்லிச் சிரிச்சுக்குவாங்களாம். அந்தச் சம்பளத்துல அவ்வளவுதான் முடியும்.

ஒரு நாள் அண்ணன் வெளிய போனான். திரும்பி வரல. இன்னிக்கு வரைக்கும் வரல.

இல்ல இல்ல, நீங்க வருத்தப்படாதீங்க. பழசு. அந்த பென்சில இப்படித் தள்ளுங்க.

ஐஸண்ணன் சொன்னது இதான். போலீஸ்ல சொன்னதும் இதான், எங்க அம்மாகிட்ட சொன்னதும் இதான், ஒரு வார்த்த மாறல. ஷிப்ட் முடிஞ்சு காலைல ஏழு மணிக்கு ரூமுக்கு வந்தாரு. அண்ணனுக்கு அன்னிக்கு லீவு, அடுப்புகிட்ட உக்காந்து நோட்டுல என்னமோ போட்டுக்கிட்டு இருந்தான். இவர் சாப்பிட்டுட்டுக் கட்டில்ல படுத்துட்டாரு. மத்தியானம் மூணு மணிக்கு முழிச்சுப் பாத்தா ஆளக் காணோம். எப்ப போனான்னே தெரியாதுன்னாரு.

எங்க அம்மா நம்புனாங்க. நானும் நம்புனேன், ஒரு மாசத்துக்கு.

அப்புறம் நானே அந்த ரூமுக்குப் போயிட்டேன். அண்ணன் எடம் காலியா கெடந்துச்சு, குடோன் வேலையும் காலியா கெடந்துச்சு. ஐஸண்ணன்தான் பேசி எனக்கு வாங்கிக் குடுத்தாரு. மொத நாள் காலைல அவர் வந்து கட்டில விரிச்சுப் படுத்தாரு. நான் செருப்ப மாட்டிக்கிட்டுக் கதவ இழுக்குறேன், கட்டில்ல போய் இடிக்குது. ரெண்டு வெரல். அவர் எந்திரிச்சாரு, கட்டில மடிச்சாரு, நான் வெளிய போனேன். ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கல.

ஆமா. எனக்கும் அதேதான் தோணுச்சு. ஜன்னல்ல கம்பி. அவர் எந்திரிச்சு மடிக்காம எங்க அண்ணன் வெளிய போயிருக்கவே முடியாது.

கேக்கலம்மா. கேட்டா அதுக்கப்புறம் எப்படி அங்க இருக்குறது? அந்த வாடகைக்கு வேற ரூம் கெடையாது. சண்ட போட்டாலும் சாயங்காலம் அதே பத்துக்கு எட்டுக்குள்ளதான் வந்து நிக்கணும். பெரிய வீட்டுல இருக்குறவங்க கேட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போயிரலாம். நாலு வருஷம் அவர் எந்திரிச்ச கட்டில்ல படுத்தேன். நல்ல மனுஷன். எனக்குக் காய்ச்சல் வந்தப்போ கட்டில எனக்கு விட்டுட்டு, அந்த ஈரச் செவுத்தோரமா அவர் படுத்தாரு. முதுகு புடிச்சுக்கிச்சு, இன்னி வரைக்கும் சரியாகல. அந்த ஆளப் போய் பொய்யன்னு எந்த வாயால சொல்றது?

அவருக்காக நானே வக்கீல் மாதிரி வாதாடியிருக்கேன். அன்னிக்குத் தரைல படுத்திருப்பாரோன்னு நெனப்பேன். கட்டில்லதான் படுத்தேன்னு அவரே சொல்றாரே. சரி, தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சு மடிச்சுட்டு மறந்திருப்பாரோ? அது நடக்கும்மா. எனக்கே நடந்திருக்கு. கொஞ்ச நாள் ஷிப்ட் மாத்திக்கிட்டோம், பகல்ல நான் தூங்குவேன். அவர் வெளிய போறப்போ எந்திரிச்சுக் கட்டில மடிச்சு வழி விட்டிருக்கேன். சாயங்காலம் கேட்டா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. அப்போ அவர் சொன்னது நெசமாவும் இருக்கலாம்ல. ஒரு நாள் இப்படி, மறுநாள் அப்படி. போகப் போக ரெண்டும் இல்ல. பல்லு புடுங்குன எடத்துக்கு நாக்கு போய்ப் போய் வருமே, வலியெல்லாம் இருக்காது, சும்மா போய்ட்டு வரும். அந்த மாதிரி ஆயிருச்சு.

கடன் ஒண்ணும் இல்லம்மா. பொண்ணு விஷயமும் இல்ல. போலீஸ்காரங்க அதத்தான் தோண்டித் தோண்டிக் கேட்டாங்க.

நோட்டா? நோட்டு எங்கிட்டதான் இருக்கு. போலீஸ்ல பொரட்டிப் பாத்துட்டு, ரூம் படம்தானேன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. ஆமா, அவன் போட்டுக்கிட்டு இருந்தது அந்த ரூமத்தான். அடுப்பு, ஜன்னல், ஈரச் செவுரு, எல்லாம் அளவு போட்டு வெச்சிருந்தான்.

எனக்காகத்தான். அப்போ எனக்கு இருபத்தி மூணு வயசு. வீட்டுல அப்பாவுக்கும் எனக்கும் ஒரு வேளைச் சோறு ஒண்ணா உக்காந்து திங்க முடியாது. அண்ணனுக்கு லெட்டர் மேல லெட்டர், நானும் வர்றேன் வர்றேன்னு. அந்த ரூம் ஓனரம்மா கறார், ரெண்டு பேருக்குதான் ரூம், மூணாவது ஆள் எங்க படுப்பான்னு படம் போட்டாவது காட்டு, அப்புறம் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. வெளையாட்டுக்குச் சொன்னாங்களோ என்னமோ. இவன் நெசமாவே உக்காந்து போட ஆரம்பிச்சுட்டான். ஏழெட்டுத் தாள். ஒண்ணுல அடுப்பத் தூக்கிக் கதவுக்குப் பக்கத்துல வெச்சிருக்கான். ஒண்ணுல கட்டிலுக்குக் கீழ ஆள் படுக்குறான். அழிச்சு அழிச்சு காகிதம் ஓட்டையாப் போயிருக்கு. எல்லாத் தாள்லயும் மூணு கட்டம் போட்டு, உள்ள எழுதியிருப்பான், ஐஸ், நான், தம்பின்னு.

எடம் இல்லடா, கொஞ்சம் பொறுன்னு எழுதுனான். நான் திருப்பி எழுதுனேன். உனக்கு மட்டும் எடம் இருக்குல்லன்னு.

அது சனிக்கிழம போட்டது. புதன்கிழம போய்ச் சேந்திருக்கும். வெள்ளிக்கிழம அவன் போனான்.

எல்லாத் தாளையும் எங்க அம்மாகிட்டக் காட்டுனேன். கடைசித் தாள மட்டும் காட்டல. உங்ககிட்டதான் மொத மொதல்ல சொல்றேன், வேலைக்கு வந்த எடத்துல. அதுல அழிச்ச தடமே இல்ல, எல்லாம் கச்சிதமா உக்காந்திருக்கு. ரெண்டே கட்டம். ஒண்ணுல ஐஸ்னு எழுதியிருக்கான். இன்னொண்ணுல தம்பின்னு.

ஆமாம்மா.

இல்ல, அழுகையெல்லாம் வராது. தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்க, தூசி தொண்டைல நிக்குது.

கேட்டேன். போன வாரம்தான் கேட்டேன். ஐஸண்ணனுக்கு இப்போ எழுபது. மக வீட்டுல ஒரு ஓரமா கட்டில் போட்டுக் குடுத்திருக்காங்க, மாத்திர வைக்க ஒரு பலகை வேணும்னு மக போன் பண்ணுச்சு. காசு வேணாம்னுட்டுப் போனேன். மக சமையக்கட்டுல இருந்துச்சு, இந்தப் பக்கம் நாங்க ரெண்டு பேர்தான். அவர் கட்டில்ல உக்காந்து, நான் தொளை போடுறதப் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஸ்வெட்டர் இன்னும் விடல. இத்தன வருஷமா மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வெச்சது, ஏன் பொய் சொன்னீங்கன்னுதான். அதத்தான் கேக்கப் போறேன்னு வாயத் தெறந்தேன். வேற வந்துச்சு.

அண்ணே, நீங்க எந்திரிச்சுக் கட்டில மடிச்சு வழி விட்டப்போ, அவன் என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லிட்டுப் போனானாண்ணே?